மண்புழுக் கையெழுத்து

மார்வா ட்ரெஸ்லர் என்பவள் மார்வா ட்ரெஸ்லர் அல்ல என்று டன்வுட் கவுன்டி தேர்தல் அலுவலகம் அவளுக்கே கடிதம் போட்டுத் தெரிவித்தது. பெயரும் முகவரியும் சரியாகத்தான் இருந்தன.

உருளைக்கிழங்கு ஆலையிலிருந்து வந்தவள் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றபடியே அதைப் படித்தாள். தபாலில் அவள் அனுப்பிய வாக்குச்சீட்டு வந்து சேர்ந்ததாம். உறையின் மேல் அவள் போட்டிருந்த கையெழுத்து, அரசாங்கத்தின் கையில் இருக்கும் மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லையாம். 'தாங்கள் தாங்கள்தான் என்பதை, தேர்தல் முடிவு உறுதிசெய்யப்படுவதற்குள் நேரில் வந்து நிரூபிக்கத் தவறினால் தங்கள் வாக்கு நிராகரிக்கப்படும். ஜனநாயகத்தில் பங்கேற்றமைக்கு நன்றி.'

அவள் புருஷன் வென்டெல் மேசையில் உட்கார்ந்து மாத்திரைகளை நிறம் பிரித்துக்கொண்டிருந்தான்.

"என்னடி, லாட்டரி விழுந்திருச்சா?"

"நான் நான் இல்லையாம்."

"அப்படியா? அப்ப நிஜமான மார்வா எங்க இருக்கா? விசாரிச்சியா? அவளாவது நல்லா சமைப்பாளா?"

"அவகிட்டயே போ. உன் மாத்திரையையும் அவளே எடுத்துத் தரட்டும்."

வென்டெல் சிரித்தான். சிரித்துவிட்டு மூச்சு வாங்கினான். அந்த மூச்சைக் கேட்டதும் மார்வாவுக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது.

வென்டெலின் இதயம் இதுவரை இரண்டு தடவை நின்றிருக்கிறது. இரண்டு தடவையும் ஊருக்குள்ளேயே, தானியக் கிடங்குக்குப் பின்னால் நிற்கிற ஆம்புலன்ஸ், அவன் முகம் நீலமாவதற்குள் வந்து சேர்ந்தது. மூன்றாவது தடவையும் இதயம் நிற்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எப்போது என்று மட்டும் சொல்லவில்லை. அந்த ஆம்புலன்ஸை வைத்துக்கொள்ள வீட்டுக்கு வீடு கொஞ்சம் வரி கூட்டலாமா, ஆமாவா வேண்டாமா என்பதுதான் இந்தத் தேர்தலில் கவுன்டி ஜனங்களிடம் கேட்கப்பட்ட கேள்வி. வேண்டாம் என்றால் புத்தாண்டோடு ஆம்புலன்ஸ் போய்விடும். அடுத்த ஆம்புலன்ஸ் மலைக்கணவாய்க்கு அந்தப் பக்கம். பனி விழுந்தால் அந்தக் கணவாயைக் காக்காய்கூடக் கடக்காது.

மார்வா 'ஆமா' என்று வட்டத்தைக் கறுப்பாக நிரப்பி, உறையில் ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தாள். ஒழுங்காகப் போட்டதுதான் தப்பு என்பது அவளுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

கடிதத்துக்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது. அதன் பெயர் கையெழுத்துத் தூய்மைச் சட்டம். கொண்டுவந்தவர் இந்த ஊரின் சொந்தப் பிள்ளை, மாநில செனட்டர் ரோஸ்கோ ஃபென்விக். தபால் வாக்கில் திருட்டு நடக்கிறதா என்று கண்டுபிடிக்க அவர் ஒரு குழு அமைத்தார். குழு இரண்டு வருடம் மாநிலத்தைச் சுற்றிவந்து நல்ல ஓட்டல்களில் தங்கித் தேடியது. ஒன்றும் அகப்படவில்லை. செனட்டர் சபையில் எழுந்தார்.

"இத்தனை தேடியும் ஒரு திருடன்கூட அகப்படலை. அப்படின்னா அவங்க எவ்வளவு கெட்டிக்காரங்கன்னு யோசிச்சுப் பாருங்க! மனுஷனோட ஆத்மா அவன் கையெழுத்துல இருக்கு. என் கையெழுத்து நாப்பது வருஷமா மாறலை. நேர்மையானவன் கையெழுத்து மாறாது. மாறுதுன்னா அவன் எதையோ மறைக்கிறான்."

சபை எழுந்து நின்று கைதட்டியது. சட்டம் நிறைவேறியது. செலவை மிச்சம் பிடிக்க வாக்குச்சாவடிகள் ஏற்கெனவே மூடப்பட்டிருந்ததால், ஊரில் எல்லோருக்கும் இருந்த ஒரே வழி தபால்தான்.

அடுத்த நாள் காலை, இரவு ஷிப்ட் முடிந்ததும் மார்வா தூங்காமல் தேர்தல் அலுவலகத்துக்குப் போனாள். அலுவலர் க்வெண்டா போல், பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பக்கத்து பெஞ்சு. இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாடகர் குழுவில் இருவரும் ஒரே வரிசை.

"வாடி மார்வா. வென்டெல் எப்படி இருக்கான்?"

"இருக்கான். நான் யாரு, க்வெண்டா?"

"இது என்னடி கேள்வி? நீ மார்வா."

"அப்ப எழுதிக் குடு."

க்வெண்டா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "எனக்கு நீ யாருன்னு தெரியும்டி. சட்டத்துக்குத் தெரியாதே. அது மூஞ்சியைப் பாக்காது. கையெழுத்தைத்தான் பாக்கும். நான் உன்னைத் தெரியும்னு சொன்னா என் வேலை போயிரும். இந்த நாற்காலியில உக்காந்திருக்கிற வரைக்கும் எனக்கு ஊர்ல ஒருத்தரையும் தெரியாது."

மார்வா தன் வலது கையை மேசைமேல் வைத்தாள். நடுவிரலும் மோதிர விரலும் பாதியில் முடிந்திருந்தன. மூன்று வருடத்துக்கு முன்னால் ஆலையில் கிழங்கு போகிற பெல்ட்டுக்குள் போனவை அவை. ரத்தம் நிற்பதற்கு முன்னாலேயே சூப்பர்வைசர் விபத்துப் படிவத்தை நீட்டி, அதே கைக்குள் பேனாவைச் செருகப் பார்த்தார். "இதாலதான் எழுத்து மாறிருக்கும்."

"அதுக்குச் சான்று வேணும்."

"இதோ, கை."

"இது இப்ப விரல் இல்லைங்கிறதுக்குச் சான்று. முன்னாடி இருந்துச்சுங்கிறதுக்கு?"

அந்தக் கேள்வியைக் க்வெண்டா சொந்தமாகக் கேட்கவில்லை. பயிற்சிக் கையேட்டில் இருந்தது. அவள் பாவம், கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுப்பு பக்கத்து அறையில் இருந்தது. சட்டப்படி கட்சிக்கு ஒருவராக இரண்டு பரிசோதகர்கள் வேண்டும். ஒருவர் தர்லோ எக்ஸ். முப்பது வருடம் பள்ளிக்கூட ஃபுட்பால் நடுவராக இருந்தவர். ஊதின தீர்ப்பை ஒருநாளும் மாற்றியதில்லை. அதற்காக ஆட்டக்காரப் பிள்ளைகளின் பெற்றோர்களிடம் இரண்டு பற்களை இழந்தவர். மற்றவர், எதிர்க்கட்சியைச் சேர்ந்த அவர் மனைவி. வீட்டில் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்பதால் நடுநிலை தானாகவே அமைந்துவிட்டது. இருவரும் அரை நாள் வீடியோ பார்த்து நிபுணர்கள் ஆனவர்கள். சான்றிதழ்கள் சுவரில் சட்டமிட்டுத் தொங்கின.

"முதல்ல என்னோட மாதிரிக் கையெழுத்தைக் காட்டுங்க," என்றாள் மார்வா.

தர்லோ திரையைத் திருப்பினார். ஒரு கோடு. கோட்டின் கடைசியில் ஒரு கொக்கி. அவ்வளவுதான். மழைக்குப் பிறகு சிமென்ட் தரையில் வெயில்பட்டுச் செத்துக் கிடக்கிற மண்புழு மாதிரி இருந்தது.

"இது என்ன?"

"இது நீங்க," என்றார் தர்லோ.

மார்வாவுக்கு நினைவு வந்தது. டிரைவிங் லைசென்ஸ் புதுப்பிக்கப் போனபோது, கவுண்டரில் கையகலக் கண்ணாடிப் பலகை ஒன்றைத் தள்ளினார்கள். அதோடு சங்கிலியில் கட்டிய பிளாஸ்டிக் பேனாவுக்கு முனை இல்லை. "விரலாலயே போடுங்க, சும்மா ஒரு கிறுக்கு, பின்னாடி ஆள் நிக்குது" என்றான் கவுண்டர்க்காரன். விரலால் பெயர் முழுவதையும் எழுதினாள். பலகை அதில் கோட்டையும் கொக்கியையும் மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் துப்பிவிட்டது. அந்தக் கிறுக்கல்தான் மாநிலம் பத்திரப்படுத்தி வைத்திருந்த அவள் ஆத்மா.

"அது லைசென்ஸ் ஆபீஸ் பலகையோட கோளாறு. நான் போட்டது இல்ல."

"எல்லாரும் அதான் சொல்றாங்க." தர்லோ பூதக்கண்ணாடியை எடுத்து அவள் உறையின்மேல் வைத்தார். "இங்க பாருங்க. 'மா'-வுல சுழி இருக்கு. மாதிரில சுழி எங்க? 'ட்ரெஸ்லர்'ல அத்தனை எழுத்தும் இருக்கு. மாதிரில ஒண்ணாவது இருக்கா? அளவுக்கு மீறின அக்கறை தெரியுது. ஒரு ஆளு தன் பேரைத் தானே எழுதுறப்ப இவ்வளவு அக்கறை எதுக்கு? அடுத்தவன் பேரை எழுதுறவன்தான் இப்படிப் பாத்துப் பாத்து எழுதுவான்."

மனைவி தலையை ஆட்டினாள்.

ஊரில் பலருடைய வாக்கு எப்படி ஏற்கப்பட்டது என்பது மார்வாவுக்கு அப்போது புரிந்தது. லாரி பானெட்டில் வைத்து, ஒரு கையில் சிகரெட்டோடு, கோடு இழுத்துக் கொக்கி போட்டு அனுப்பியவர்கள் எல்லோரும் தேறியிருந்தார்கள். மேசையில் உட்கார்ந்து மரியாதையாகப் பெயர் எழுதியவர்கள் மாட்டினார்கள். அதிலும் பரிசோதகர்களுக்குத் தெரிந்தவர்கள், பெரிய வீட்டுக்காரர்கள் என்றால் உறையைப் பார்க்காமலே ஏற்றுக்கொண்டார்கள். பார்க்கப்பட்டவர்கள் எல்லாம் ஆலைக்குப் பக்கத்தில், சக்கரம் வைத்த டிரெய்லர் வீடுகள் நிற்கிற தெருவில் இருப்பவர்கள். அவள் தெரு.

"சரி, நான் இப்ப என்ன பண்ணணும்?"

க்வெண்டா ஒரு படிவத்தோடு வந்தாள். "இது சரிசெய்யற படிவம். 'உறையிலுள்ள கையெழுத்து என்னுடையதே'ன்னு சொல்லிக் கீழ கையெழுத்துப் போடணும்."

"போட்டா?"

"அந்தக் கையெழுத்து மாதிரியோட பொருந்தணும்."

மார்வா அவளையே பார்த்தாள். க்வெண்டா சன்னலைப் பார்த்தாள்.

"ஒரே ஒரு வாய்ப்புதான்டி. இதுவும் பொருந்தலைன்னா முடிஞ்சுது."

மார்வா பேனாவை எடுத்துக் கோடு இழுக்கப் போனாள். தர்லோ மைதானத்தில் விசிலை எடுக்கிற வேகத்தில் கையை உயர்த்தினார். "நில்லுங்க! மாதிரியைப் பாத்துட்டு அதே மாதிரி போடப் போறீங்களா? அது போலிக் கையெழுத்து. அஞ்சு வருஷம் உள்ள தள்ளுவாங்க."

"என் கையெழுத்தை நானே போட்டா போலியா?"

"'எவருடைய கையெழுத்தையும்'னு சட்டத்துல இருக்கு. உங்களோடதுக்கு விலக்கு இல்லை. செனட்டர் நல்லா யோசிச்சு எழுதிருக்காரு."

ஆக, பொருந்தாமல் போட்டால் வாக்கு போகும், பொருந்தப் போட்டால் ஆள் போவாள். மார்வா தன் பெயரை எப்போதும் எழுதுவதுபோல எழுதினாள். மூன்று விரல் தாங்கிய பேனா கொஞ்சம் நடுங்கியது.

"கை தயங்குது," என்று தர்லோ குறித்துக்கொண்டார். "பொய் சொல்றவங்க கைதான் தயங்கும்."

"விரல் இல்லைய்யா!"

"தயக்கம் தயக்கம்தான்மா."

க்வெண்டா சிவப்பு முத்திரையைக் குத்தினாள். குத்திவிட்டு, "ஞாயித்துக்கிழமை பாட்டுக்கு வருவல்ல?" என்று கேட்டாள். புதிய மாதிரிக் கையெழுத்துக் கொடுக்கலாமா என்று மட்டும் மார்வா கேட்டாள். தாராளமாகக் கொடுக்கலாம், அடுத்த தேர்தலிலிருந்து செல்லும் என்றார்கள். எங்கே கொடுப்பது என்றாள். லைசென்ஸ் ஆபீஸில், அந்தப் பலகையில் என்றார்கள்.

தேர்தலுக்கு முந்தின சனிக்கிழமை, ஆம்புலன்ஸுக்கு நிதி திரட்ட தீயணைப்பு நிலையத்தில் பான்கேக் விருந்து நடந்தது. செனட்டர் ஃபென்விக் வந்தார். அக்டோபரிலேயே பாலைவனத்து வீட்டுக்குக் குளிர்காலம் கழிக்கப் போய்விடுகிறவர், ஜனங்களுக்காக இரண்டு நாள் திரும்பி வந்திருந்தார். ஐந்து பான்கேக் சாப்பிட்டார். சிரப் ஒட்டிய விரலை நக்கிக்கொண்டே மைக்கைப் பிடித்தார்.

"இந்த ஆம்புலன்ஸ் பையன்களை நான் மதிக்கிறேன். இவங்க வீரனுங்க. ஆனா வரின்னு வந்தா நான் கொள்கைக்காரன். திரும்பிப் போனதும் 'வேண்டாம்'னு கொட்டை வட்டமா நிரப்பித் தபால்ல போடப்போறேன். ஒளிவு மறைவே கிடையாது. ஆரோக்கியம்கிறது அவங்கவங்க பொறுப்பு. எனக்கு எழுபத்தொண்ணு ஆச்சு. ஒருநாள் ஆம்புலன்ஸ் கூப்பிட்டிருக்கேனா?"

கூப்பிட்டதில்லைதான். அவர் பாலைவனத்து வீட்டுக்கு எதிரே ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருந்தது.

வென்டெல் காகிதத் தட்டோடு சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். மார்வா அவன் தட்டைப் பார்த்தாள், செனட்டர் தட்டைப் பார்த்தாள். காபிக் கோப்பையை நசுக்கிக் குப்பையில் போட்டாள்.

அன்றைக்கு மத்தியானம் நூலகத்துக்குப் போய்ச் சட்டத்தின் முழுப்பிரதியைக் கேட்டு வாங்கினாள். பள்ளிப்படிப்பை முடிக்காதவளுக்கு ஒரு பக்கம் படிக்கவே வெகுநேரம் ஆனது. ஆனால் கோபம் நல்ல வாத்தியார், உட்கார வைத்துப் படிக்கவைக்கும். கடைசிக்கு முந்தின பக்கத்தில் ஒரு பிரிவு இருந்தது. எந்த வாக்காளரும் எந்த உறையையும், காரணம் சொல்லாமல், ஆட்சேபிக்கலாம். ஆட்சேபிக்கப்பட்ட கையெழுத்து, எல்லோரும் பார்க்கப் பெரிய திரையில் ஒப்பிடப்பட வேண்டும். ஆட்சேபித்தவர் தானாகத் திரும்பப் பெற்றாலொழிய வேறு யாராலும் அதை நீக்க முடியாது. நீதிமன்றம் தலையிடக் கூடாது. டிரெய்லர் தெருக்காரர்களின் உறைகளைச் செனட்டரின் ஆட்கள் சாவகாசமாக ஆட்சேபிக்கட்டும் என்று எழுதப்பட்ட பிரிவு அது. டிரெய்லர் தெருக்காரர்களுக்கும் வாயிருக்கிறது என்பது எழுதியவருக்குத் தோன்றவில்லை.

தேர்தல் முடிந்தது. எண்ணி முடித்தபோது ஆம்புலன்ஸ் வரிக்கு 'ஆமா' ஒரே ஒரு வாக்கு முன்னால் நின்றது. மிச்சம் ஓர் உறை. தேர்தல் நாளன்று தபால் முத்திரை குத்தப்பட்டு, பாலைவனத்திலிருந்து தாமதமாக வந்தது. உறை கனமான உயர்ந்த காகிதத்தில், மூலையில் தங்க நிறத்தில் ஃபென்விக்கின் பெயர் அச்சடித்த இன்னொரு உறைக்குள் வந்திருந்தது. அதைத் திறந்தால் சமம். சமமென்றால் வரி தோற்றது என்று கணக்கு.

"என்னோட 'ஆமா'வை எண்ணிருந்தா இந்தப் பேச்சே இல்லை," என்றாள் மார்வா வீட்டில்.

"விடு. விதி," என்றான் வென்டெல்.

"விதியா? ஃபென்விக்தான் விதியா? என்னோட 'ஆமா'வை உள்ள விடலைல்ல. அவரோட 'வேண்டாம்' வெளியவே கிடக்கட்டும்."

"பழிவாங்கறது கர்த்தரோட வேலைன்னு பாஸ்டர் சொல்லிருக்காருடி."

"கர்த்தருக்கு டன்வுட் கவுன்டில ஓட்டு இல்லை. எனக்குத்தான் இருந்துச்சு."

முடிவை உறுதிசெய்வதற்கு முந்தின நாள், கடைசி உறையைப் பரிசோதிக்கும் கூட்டத்துக்கு மார்வா தெர்மாஸ் காபியோடு போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். தர்லோ உறையை எடுத்தார். பெயரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"செனட்டரோடது. இதைப் பாக்கவே வேண்டாம்."

"பாருங்க," என்றாள் மார்வா. "நான் ஆட்சேபிக்கிறேன்."

தர்லோ உறையை மேசைமேல் வைத்தார்.

"காரணம்?" என்றார் தர்லோ.

"காரணம் சொல்லத் தேவையில்லைன்னு செனட்டர் எழுதிருக்காரு. நல்லா யோசிச்சு எழுதிருக்காரு."

க்வெண்டா வெளுத்துப்போனாள். "அடியே, வேணாம்டி."

"நீ யாரு? எனக்கு உன்னைத் தெரியாதே," என்றாள் மார்வா.

பெரிய திரையில் இரண்டும் வந்தன. இடதுபக்கம் உறையில் செனட்டர் போட்டது. நாற்பது வருடமாக மாறாத கையெழுத்து. பாய் விரித்த கப்பல் போல ஒரு 'ஆர்', அதன் அடியில் அலையலையாக ஃபென்விக், கடைசியில் ஒரு கொடி. வலதுபக்கம், போன வசந்தத்தில் லைசென்ஸ் புதுப்பித்தபோது அந்தப் பலகை எடுத்துக்கொண்டது. ஒரு கோடு. ஒரு கொக்கி.

பின்வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். தர்லோ பூதக்கண்ணாடியை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். நாற்பது வருடக் கப்பலை மண்புழுவோடு ஒப்பிடும் வேலை அவருக்கு வந்திருந்தது. சுவரில் சான்றிதழ் தொங்கியது. முன்வரிசையில் மார்வா காபியை ஊதி ஊதிக் குடித்தாள்.

"உங்க பொஞ்சாதி என்ன சொல்றாங்கன்னு கேளுங்க," என்றாள்.

மனைவி முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "பொருந்தலை. அளவுக்கு மீறின அக்கறை தெரியுது." கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் இவ்வளவு சந்தோஷப்பட்டுத் தர்லோவைப் பார்த்ததில்லை.

ஊதின தீர்ப்பை மாற்றாத மனுஷர் தர்லோ. மார்வாவுக்கு ஊதியதை இவருக்கும் ஊதினார்.

சட்டப்படி செனட்டருக்கும் கடிதம் போனது. தொலைபேசி அழைப்பும் போனது. மறுநாள் மதியம், மார்வாவும் மற்றவர்களும் கூடியிருந்த அதே அறைக்கு அவர் வந்து இறங்கினார். வெளியே பனி. அவர் கழுத்துவரை வெயிலில் பழுத்து, கோல்ஃப் ஷூவோடு நின்றார்.

"க்வெண்டா, என்னம்மா இது கூத்து? நான் யாருன்னு தெரியாதா?"

"இந்த நாற்காலியில உக்காந்திருக்கிற வரைக்கும் எனக்கு யாரையும் தெரியாதுங்க, ஐயா."

"அங்க சுவத்துல தொங்குறது என் படம்!"

"சட்டம் மூஞ்சியைப் பாக்காதுங்க, ஐயா."

"அந்தச் சட்டத்தை எழுதினதே நான்தான்!"

"ஆமாங்க ஐயா. அதுல கீழ உங்க கையெழுத்து இருக்கு. அதுவும் மாதிரியோட பொருந்தலைன்னு தர்லோ சொல்றாரு. அது வேற விஷயம். இப்ப இந்தப் படிவத்தைப் பாருங்க."

செனட்டர் படிவத்தைப் படித்தார். கோர்ட்டுக்குப் போவேன் என்றார். கோர்ட் தலையிடக் கூடாது என்று க்வெண்டா பிரிவைக் காட்டினாள். பேனாவைப் பிடுங்கினார். திரையைப் பார்த்தார். மெல்ல ஒரு கோடு இழுக்கப் போனார். தர்லோவின் கை உயர்ந்தது.

"ஐயா, மன்னிக்கணும். மாதிரியைப் பாத்துப் போட்டா போலிக் கையெழுத்து. அஞ்சு வருஷம்."

"என் கையெழுத்துய்யா!"

"'எவருடைய கையெழுத்தையும்'னு இருக்குங்க."

பேனா காகிதத்துக்கு மேல் அப்படியே நின்றது.

"கை தயங்குதே," என்றாள் முன்வரிசையிலிருந்து மார்வா.

செனட்டர் திரும்பினார். முகம் கருஞ்சிவப்பாகிவிட்டது. "இது எனக்காகப் போட்ட சட்டம் இல்லை!" என்று கத்தினார். "இது... என்னை மாதிரி ஆளுங்களுக்காக இல்லை!"

"அப்ப எந்த மாதிரி ஆளுங்களுக்கு?" என்றாள் மார்வா.

கூட்டத்தில் உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர் இருந்தார். அவர் எழுதிக்கொண்டிருந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. செனட்டர் வாயை மூடினார்.

ஐந்து மணிக்கு முடிவை உறுதிசெய்தாக வேண்டும். நாலரைக்குச் செனட்டர் மார்வாவைத் தனியாகப் பேசக் கூப்பிட்டார். நடைபாதையில், சோடா மெஷினுக்குப் பக்கத்தில் நின்றார்கள். குரல் தேனாகிவிட்டிருந்தது.

"மார்வா... மார்வாதானே? பாரும்மா. நாம ரெண்டு பேரும் ஒரே மண்ணு. நீ ஆட்சேபத்தைத் திரும்ப வாங்கிக்கோ. என் ஓட்டு ஒண்ணுதானே, அது கொள்கைக்காக. என் ஓட்டே செல்லலைன்னா நாளைக்குத் தலைநகர்ல என்னைப் பாத்துச் சிரிப்பாங்க. ஆம்புலன்ஸ் எங்க போயிரும்? மாநில நிதியிலேருந்து நானே வாங்கித் தரேன். பத்து வருஷத்துக்கு. இது என் வாக்கு."

"நாளைக்கு வேற பேச்சுப் பேசினா?"

"ஃபென்விக் பேச்சு மாறாது."

"என் புருஷன் நெஞ்சு இந்த வருஷமே நிக்கலாம். அப்ப நான் உங்க பேச்சையா வண்டில ஏத்தி அனுப்புறது? எழுதித் தாங்க."

செனட்டருக்கு உயிர் வந்தது. கோட்டுப் பையிலிருந்து தங்க எழுத்துப் போட்ட காகிதத்தை எடுத்து, சோடா மெஷின்மேல் வைத்து மளமளவென்று எழுதினார். டன்வுட் கவுன்டி ஆம்புலன்ஸுக்குப் பத்து வருட நிதி, தன் சொந்தப் பொறுப்பில். கீழே, பாய் விரித்த கப்பல் ஒன்றை ஓடவிட்டார். கொடி பறந்தது. காகிதத்தை அவள் கையில் கொடுத்து, தோளில் தட்டினார்.

மார்வா காகிதத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். மூன்று விரலால் மெல்லத் திருப்பிப் பார்த்தாள். கையெழுத்தைக் கூர்ந்து பார்த்தாள். அவசரமே படவில்லை. வீட்டில் மாத்திரைகளைப் பிரித்துக்கொண்டிருக்கும் வென்டெலை ஒரு நிமிடம் நினைத்துக்கொண்டாள்.

"எல்லாம் நல்லாத்தான் எழுதிருக்கு," என்றாள். "ஆனா இது உங்க கையெழுத்து இல்லையே, செனட்டர்."

காகிதத்தை நாலாக மடித்து அவர் கோட்டுப் பையிலேயே செருகிவிட்டு, ஆட்சேபம் நிற்கிறது என்று சொல்ல உள்ளே போனாள்.